நோய்க்குறிப்புக்குக் காவல் எது?

மனைவிக்கும் மக்கட்கும் மறைப்பதை மாந்தன் மருத்துவனுக்கு மறைப்பதில்லை. குடியையும், கருக்கலைவையும், உளநோயையும், பிறர் அறிந்தால் ஒதுக்கிவைக்கும் தொற்றையும் அவன் வாய்விட்டுக் கூறும் இடம் அஃதொன்றே. கூறாவிடின் மருந்து பொருந்தாது. கூறியது வெளிப்படின் வாழ்வு பொருந்தாது. இவ் விரு தீமைக்கும் நடுவே நோயாளியைக் காத்து நின்றது, நெடுங்காலமாக, மருத்துவனின் நாவடக்கம்.

இன்று அந் நாவடக்கம் மட்டும் போதாது. நோயாளி கூறியது மருத்துவன் செவியோடு நிற்பதில்லை. அது கணினியில் ஏறுகிறது, ஆய்வகத்துக்குச் செல்கிறது, மருந்துக்கடைக்குச் செல்கிறது, காப்பீட்டு நிறுவனத்தின் மேசைக்கும் செல்கிறது. மருத்துவன் வாய் திறவாதிருக்கவே குறிப்பு ஊர் சுற்றுகிறது. இந் நிலையில், ‘பிளாக்செயின்’ என்று ஆங்கிலத்திலும் ‘தொடரேடு’ என்று தமிழிலும் வழங்கும் புதுமுறை ஒன்றைக் காட்டி, இதில் ஏற்றிவிட்டால் நோய்க்குறிப்பு என்றென்றைக்கும் காப்பாக இருக்கும், இதனோடு ஆளுக்கோர் எண்ம அடையாளமும் கொடுத்துவிட்டால் வேறு கவலையே வேண்டா எனக் கணினி வணிகர் பறையறைந்து வருகின்றனர். அப் பறையொலியில் பாதி மெய், பாதி பொய். மெய்யெது பொய்யெது என்று பிரித்துக் காணாமல் இதனை ஏற்பாரும் கெடுவர்; ‘அயலார் கண்ட பொறி’ என்று கேளாமலே தள்ளுவாரும் கெடுவர்.

தொடரேடு மாயம் அன்று. சோழர் காலச் செப்பேட்டைக் கண்டவர்க்கு அதன் கருத்து எளிதில் விளங்கும். ஆனைமங்கலச் செப்பேடு 21 இதழ்கள் கொண்டது. இதழ்தோறும் துளையிட்டு, வளையத்திற் கோத்து, வளையத்தின் இரு முனையையும் அரச முத்திரைக்குள் வைத்துப் பற்றவைத்தனர். ஏன்? இடையில் ஓர் இதழை உருவவும் முடியாது. புதிதாக ஒன்றைச் செருகவும் முடியாது. முயன்றால் வளையம் அறுபட்டமை கண்ணுக்குத் தெரியும். தன்னை எவரும் திருடாதவாறு செப்பேடு காத்துக்கொள்ளாது. தன்னை எவரும் படிக்காதவாறும் காத்துக்கொள்ளாது. தன்னை எவனேனும் திருத்தினானா என்பதற்கு மட்டும் தானே சான்றாக நிற்கும். இவ் வேறுபாட்டை நெஞ்சில் இருத்திக்கொண்டால், தொடரேட்டைப் பற்றிய பொய்யுரையில் முக்காற்பங்கு தானே உதிர்ந்துவிடும்.

கணினியில் அவ் வளையத்தின் வேலையைச் செய்வது ஓர் எண். எவ்வளவு நீண்ட ஆவணமாயினும் அதனை ஒரு கணக்கீட்டுக்குள் செலுத்தி, வரையறுத்த நீளமுள்ள ஓர் எண்ணாக்கலாம். அதனைச் ‘சுருக்கெண்’ என்க. ஆவணத்தில் ஒரு புள்ளியை மாற்றினும் சுருக்கெண் அடியோடு மாறிவிடும். சுருக்கெண்ணைப் பின்னோக்கிக் கணக்கிட்டு ஆவணத்தை மீட்கவும் இயலாது. ஏட்டின் ஒவ்வொரு கட்டும் தனக்கு முந்திய கட்டின் சுருக்கெண்ணைத் தன்னுள் தாங்கி நிற்பதால், பழைய கட்டொன்றில் கைவைத்தவன் அதன்பின் வந்த கட்டுகள் அனைத்திலும் கைவைத்தாக வேண்டும். ஏட்டின் படிகள் பலர் கையில் இருக்குமாயின் அது நடவாத செயல்.

இக் கருத்துப் பிட்காயினோடு பிறந்தது என்று பலர் எண்ணுகின்றனர். அன்று. சதோசி நாகமோட்டோ என்னும் புனைபெயரில் பிட்காயின் கட்டுரை வெளிவந்தது 2008-இல். அதற்குப் பதினேழாண்டு முன்பே, 1991-இல், இசுட்டூவர்ட்டு ஏபர், சுகாட்டு இசுட்டோர்னெட்டா என்னும் அறிவியலார் இருவர் அமெரிக்காவில் எண்ம ஆவணத்துக்கு நாட்குறி இடும் முறையை எழுதிவிட்டனர். அவர்தம் முறையைக் கைக்கொண்ட நிறுவனம் 1995 முதல் கிழமைதோறும் ஒரு சுருக்கெண்ணை நியூயார்க்கு டைம்சு செய்தித்தாளின் சிறுவிளம்பரப் பகுதியில் அச்சிட்டு வந்தது. அச்சான தாள் எண்ணற்ற வீடுகளுக்கும் நூலகங்களுக்கும் சென்றுவிட்டது; அதனை இனி யார் திருத்துவது? பழந்தமிழர் கொடையைச் செம்பில் வெட்டியதோடு நில்லாது கல்லிலும் வெட்டி வைத்தனரே, அதே அறிவுதான் இதுவும். ஊரறிய நின்றதை ஒருவன் கமுக்கமாக மாற்றிவிட முடியாது.

இம் முறையை நோய்க்குறிப்புக் காவலுக்கு நாடளாவப் பயன்படுத்திக் காட்டியது வல்லரசு எதுவும் அன்று. பால்டிக்குக் கடற்கரையில் உள்ள எசுத்தோனியா. ஏறத்தாழ 13 இலக்கம் மக்களே வாழும் நாடு அது. 1918-இல் தன்னுரிமை அறிவித்து, 1940-இல் சோவியத்து ஒன்றியத்தால் விழுங்கப்பட்டு, 1991-இல் மீண்டும் விடுதலை பெற்றது. விடுதலை பெற்றபோது அதனிடம் பெருஞ்செல்வம் இல்லை. பழைய அலுவலக முறைகளைக் கட்டிக்கொண்டு அழவேண்டிய கட்டாயமும் இல்லை. ஆகலின் அரசின் பதிவேடுகளைத் தொடக்கத்திலிருந்தே கணினிவழி அமைக்கத் துணிந்தது. மின்னொப்பத்துக்குக் கையொப்பத்தோடு ஒத்த மதிப்பளிக்கும் சட்டம் 2000-இல் வந்தது. அரசுத் துறைகளின் பதிவேடுகள் ஒன்றோடொன்று காப்பாகப் பேசிக்கொள்ளும் இணைப்பு 2001-இல் அமைந்தது. 2002 முதல் சில்லு பதித்த அடையாள அட்டை வழங்கப்பட்டது. அட்டைக்குரியவர் இரண்டு மறையெண்கள் வைத்திருப்பர்: தாம் இன்னார் என்று காட்டுதற்கு ஒன்று, ஒப்பமிடுதற்கு மற்றொன்று. வீட்டுக்குள் நுழையும் திறவுகோலும் பெட்டகத்தின் திறவுகோலும் வேறுவேறாக இருத்தல் போன்றது இது.

இவ்விடத்தில் ஒன்று சொல்லாமல் மேற்செல்ல இயலாது. நோயாளியின் நோய் வரலாற்றை எசுத்தோனியர் ‘ஐகுசுலுகு’ என்பர். ‘ஐகுசு’ என்றால் நோய். ‘லுகு’ என்றால் கதை. கணினிக்கு அவர்கள் வழங்கும் சொல் ‘அர்வுத்தி’. கணித்தல் என்னும் பொருளுள்ள தம் வினையடியினின்று ஆக்கியது. ஆக்கியவர் உசுத்துசு ஆகூர் என்பார். கணி என்னும் அடியினின்று கணினி பிறந்ததற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? யோகான்னசு ஆவிக்கு போன்ற சொல்லாக்க வல்லார் அங்குப் பல்லாண்டு உழைத்த நிலத்தில் இச் சொற்கள் விளைந்தன. தொடரேட்டுக்கு மட்டும் ‘புளோக்’ என்னும் அயற்சொல்லைத் தம் சொல்லோடு ஒட்டவைத்துக்கொண்டனர். அது அவர்தம் சோர்வு. மற்றப்படி பதின்மூன்றிலக்கம் மக்களே வாழும் நாட்டின் மொழியில் மருத்துவர் குறிப்பெழுதுகின்றனர். அக் குறிப்பைக் கணினியில் ஏற்ற மொழி தடையாயிற்று என்று அங்கு எவரும் முறையிடவில்லை.

2007 ஏப்பிரல் திங்களில் அந் நாடு பேரிடர் ஒன்றைக் கண்டது. தலைநகர் தாலின் நடுவே நின்ற சோவியத்துப் படைமறவன் வெண்கலச் சிலையை அரசு படைத்துறை இடுகாட்டுக்கு மாற்றியது. தெருவில் கலகம் மூண்டது. உடன்தொடர்ந்து கணினிகளின்மேல் தாக்குதல் தொடங்கியது. அரசுத் தளங்களும், வைப்பகங்களும், செய்தித்தாள்களின் தளங்களும் பொய்யழைப்புகளின் வெள்ளத்தில் திணறின. வாரக்கணக்கில் இது நீடித்தது. எசுத்தோனியர் உருசியாவைச் சாடினர். உருசிய அரசு மறுத்தது. அத் தாக்குதல் தளங்களை முடக்கியதே தவிர, பதிவேடுகளைத் திருத்தவில்லை. ஆயினும் அறிவுடையோர் உள்ளத்தில் ஒரு வினா எழுந்தது. முடக்கியவன் அடுத்த முறை முடக்காமல், ஓசையின்றி உள்ளே புகுந்து, ஓர் எழுத்தை மட்டும் மாற்றிவிட்டுப் போனால்?

நோய்க்குறிப்பில் ஓர் எழுத்து என்பது சிறிதன்று. குருதி வகையில் ஓர் எழுத்து. மருந்தளவில் ஒரு புள்ளி. ‘ஒவ்வாது’ என்னுமிடத்தில் ‘ஒவ்வும்’. திருடப்பட்ட குறிப்பு மானத்தைக் கெடுக்கும். திருத்தப்பட்ட குறிப்பு உயிரைக் குடிக்கும். திருட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கும் உலகம் திருத்தத்தைப் பற்றிப் பேசுவது குறைவு.

இதற்கு விடையாக வந்ததுதான் எசுத்தோனியரின் தொடரேட்டு முறை. ஆத்தோ புல்தாசு, மேர்த்து சாரெபெரா என்னும் கணக்கியல் வல்லார் வகுத்த முறையைக் கொண்டு ‘கார்டுடைம்’ என்னும் நிறுவனம் 2007-இல் தோன்றியது. நாடு தழுவிய நோய்க்குறிப்பு அமைப்பு 2008-இல் இயங்கத் தொடங்கியது; 2010 முதல் மருந்துச்சீட்டும் தாளை விட்டுக் கணினிக்கு ஏறியது. பத்திலக்கத்துக்கு மேற்பட்ட நோயாளர் குறிப்புகளின் காவலுக்குத் தொடரேட்டைப் பயன்படுத்தும் ஏற்பாடு 2016-இல் அறிவிக்கப்பட்டது.

அங்கு நோய்க்குறிப்பு தொடரேட்டில் ஏறுவதில்லை. இதனை வணிகர் சொல்வதில்லை; ஆகலின் அழுத்திச் சொல்ல வேண்டியதாகிறது. குறிப்பு, காவலுள்ள தரவகத்திலேயே இருக்கிறது. அதனை யார் திறந்தார், எப்போது திறந்தார், என்ன மாற்றினார் என்னும் நடவடிக்கைப் பதிவுக்குச் சுருக்கெண் எடுக்கப்படுகிறது. அச் சுருக்கெண்களை இரண்டிரண்டாகச் சேர்த்து, சேர்த்தவற்றை மீண்டும் இரண்டிரண்டாகச் சேர்த்து, கிளைகள் அடிமரத்தில் வந்து கூடுவதுபோல நொடிக்கு ஓர் எண்ணாக்கித் தொடரில் கோக்கின்றனர். அத் தொடரின் சுருக்கெண் குறித்த காலத்தில் இலண்டனின் பைனான்சியல் டைம்சு செய்தித்தாளில் அச்சாகி வந்துள்ளது. இதன் விளைவு யாதெனின், தரவகத்தின் தலைமை அலுவலரே ஒரு வரியைக் களவாக அழித்தாலும் கணக்கு ஒவ்வாமற் போய்க் களவு வெளிப்படும். கள்வனுக்கு எதிராக மட்டும் அன்று, காவலனுக்கு எதிராகவும் நிற்கும் காவல் இது. அரசை நம்பு என்று குடிமகனிடம் கூறாமல், ஐயம் இருப்பின் கணக்கிட்டுப் பார் என்று கூறும் அரசு மதிக்கத்தக்கது.

கணக்கைவிட மேலான செய்தி ஒன்று உண்டு. எசுத்தோனியக் குடிமகன் தன் அட்டையால் தன் குறிப்புக்குள் நுழைந்து, அதனைத் திறந்து பார்த்தவர் யார் என்று காணலாம். வேண்டாதார் காணாதவாறு தன் குறிப்பை மூடிவைக்கவும் அவனுக்கு உரிமை உண்டு. பணித்தேவை இன்றிப் பிறர் குறிப்பைத் திறந்து பார்த்த மருத்துவப் பணியாளர் மேல் அந் நாட்டின் தரவுக் காப்புக் கண்காணிப்பகம் நடவடிக்கை எடுத்ததும் உண்டு. பக்கத்து வீட்டுக்காரியின் நோயை அறியும் ஆவல் உலகெங்கும் உள்ளது. அவ் வாவலை அடக்கியது தொடரேட்டின் கணக்கு மட்டும் அன்று. ‘பார்த்தால் அவளுக்குத் தெரிந்துவிடும்’ என்னும் அச்சம். அழிக்கவொண்ணாப் பதிவு இருந்தும் அதை நோயாளிக்குக் காட்டாவிடின், அது ஆளுடையார் பெட்டிக்குள் உறங்கும் ஓலை.

இனிப் பொய்யின் பக்கத்துக்கு வருவோர், பின்லாந்தில் நடந்ததை முதலில் அறிதல் வேண்டும். எசுத்தோனியாவுக்கு நேர் வடக்கே, கடற்காலின் மறுகரையில் உள்ள நாடு அது. அங்கு ‘வசுதாமோ’ என்னும் உளமருத்துவ நிறுவனத்தின் தரவகத்தினின்று முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோரின் குறிப்புகள் திருடப்பட்டமை 2020 அக்டோபரில் வெளிப்பட்டது. மருத்துவரிடம் தனியறையில் கண்ணீரோடு கூறியவை அவை. கள்வன் நிறுவனத்திடம் பணம் கேட்டான். பிறகு நோயாளர் ஒவ்வொருவருக்கும் மடல் எழுதி, 200 யூரோ தராவிடின் உன் குறிப்பை ஊரறிய வெளியிடுவேன் என்று மிரட்டினான். அப் பணத்தை எவ்வழியில் கேட்டான்? பிட்காயினாக. நோய்க்குறிப்பைக் காக்கும் என்று புகழப்படும் தொடரேட்டு முறையே அங்குக் கள்வனின் கைப்பையாயிற்று. வசுதாமோவின் தரவகத்தைத் தொடரேட்டால் முத்திரையிட்டு வைத்திருந்தாலும் இத் திருட்டு நின்றிராது. முத்திரை திருத்தத்தைக் காட்டும். படியெடுத்துச் செல்வதைத் தடுக்காது. அதற்குப் பூட்டு வேண்டும், மறையீடு வேண்டும், யார் யாருக்குக் கதவு திறக்கலாம் என்னும் ஒழுங்கு வேண்டும்.

எசுத்தோனியாவும் அடிபடாமல் இல்லை. மரபணு ஆய்வு செய்யும் தனியார் நிறுவனம் ஒன்றிலிருந்து ஏறத்தாழ பதினாயிரம் பேரின் தரவுகள் களவு போனமை 2023-இல் தெரியவந்தது. அதற்கு முன் 2021-இல் அடையாள அட்டைக்குரிய முகப்படங்கள் 2.8 இலக்கத்துக்கு மேல் அரசுத் தரவகத்தினின்றே ஒருவனால் இறக்கப்பட்டன. அடையாள அட்டையோ 2017-இல் பெருஞ்சோதனைக்கு உள்ளாயிற்று. அட்டையிலிருந்த சில்லு, செருமானிய இன்பினியன் நிறுவனத்தின் ஆக்கம். அது மறைத்திறவு எண்ணை உருவாக்கும் வழியில் பிழை இருப்பதைச் செக்கு நாட்டு மசாரிக்குப் பல்கலைக்கழக ஆய்வாளர் கண்டறிந்தனர். ஏழரை இலக்கம் அட்டைகள் அவ் வகைச் சில்லு கொண்டவை. அரசு அதனை மூடிமறைக்கவில்லை. ஒரு கிழமைக்குள் நாட்டுக்கு அறிவித்தது. நவம்பர்த் திங்களில் அவ் வட்டைகளின் சான்றுகளை நிறுத்திவைத்து, மருத்துவர் முதலியோர்க்கு முன்னுரிமை தந்து அட்டைகளைப் புதுப்பித்தது. தொடரேடு எவ்வளவு உறுதியாக இருப்பினும், வாயிலில் நிற்பவன் இன்னான் என்று காட்டும் அட்டை பழுதானால், கள்வன் உரிமையாளன் முகத்தோடு உள்ளே வருவான். தொடரேடு அவன் வரவையும் உண்மை வரவாகவே அழியாமல் எழுதிவைக்கும்!

குறிப்பு முழுவதையும் தொடரேட்டிலேயே ஏற்றலாம், மறையீடு செய்துவிட்டால் யார் படிப்பார் என்று வாதிடுவோர் இன்னும் உளர். இது அறியாமை. தொடரேட்டில் ஏறியது அழியாது. அதன் படிகளோ பலர் கையில் இருக்கும். இன்று பிறந்த மகவின் குறிப்பை எழுபது எண்பது ஆண்டு மறைத்துக் காக்க வேண்டும். இன்றைய மறையீடு அத்தனை ஆண்டும் உடையாது என்று உறுதிகூற எந்தக் கணக்கியலானும் முன்வரான். மேலும், தன் தரவை அழிக்குமாறு கேட்கும் உரிமையை ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுக் காப்புச் சட்டம் தன் 17-ஆம் பிரிவில் குடிமகனுக்குத் தந்துள்ளது. அச் சட்டம் 2018 மே 25 முதல் செயற்படுகிறது. அழிக்கவே முடியாத ஏட்டில் ஏற்றிவிட்டு, அழிக்கும் உரிமை உண்டென்பது எங்ஙனம்?

சுருக்கெண்ணை மட்டும் ஏற்றும்போதும் விழிப்பு வேண்டும். சுருக்கெண்ணைக் கொண்டு ஆவணத்தை மீட்க முடியாது என்பது நீண்ட ஆவணத்துக்குப் பொருந்தும். ‘தொற்று உண்டு’, ‘தொற்று இல்லை’ என்னும் இரண்டே விடையுள்ள குறிப்பாயின், இரண்டுக்கும் சுருக்கெண் கணக்கிட்டு எது ஒத்துவருகிறது என்று சிறுவனும் கண்டுபிடித்துவிடுவான். ஆகலின் குறிப்போடு எவரும் கருதவியலா ஓர் எண்ணைக் கலந்த பின்னரே சுருக்கெண் எடுப்பர். இதனைக் கணினியார் ‘உப்பிடுதல்’ என்கின்றனர். பொருத்தமான பெயர்தான், உப்பிடாதது விரைவில் கெட்டுப்போகும்.

எண்ம அடையாளத்திலும் அண்மையில் புதுக்கொள்கை ஒன்று பரவி வருகிறது. அரசோ நிறுவனமோ எண் கொடுக்க வேண்டா; ஆளே தன் அடையாளக் குறியைத் தான் ஆக்கிக்கொண்டு, அதன் வெளித்திறவை மட்டும் தொடரேட்டில் பதிந்துவைப்பான்; மருத்துவமனை தரும் சான்றுகளைத் தன் கைப்பேசியிலேயே வைத்துக்கொண்டு, வேண்டியவர்க்கு வேண்டிய அளவு காட்டுவான் என்பது அக் கொள்கை. இத்தகைய நடுவமில்லா அடையாளக் குறிகட்கான நெறியை உலகளாவிய வலைச் சேர்த்தியம் 2022 சூலையில் ஏற்று வெளியிட்டது. தன் குறிப்புக்குத் தானே உடையவன் என்பது உயர்ந்த கருத்து. தன்மானமுள்ள எவனும் அதனை விரும்புவான். ஆயினும் மருத்துவமனையில் அது முட்டுகிற இடம் வேறு. வண்டியில் அடிபட்டு நினைவிழந்து கிடப்பவன் எவ்வாறு திறவுகோல் தருவான்? மறதிநோய் கொண்ட மூதாட்டி தன் மறையெண்ணை மறந்தால் அவளுடைய நோய் வரலாறு அவளோடு புதைய வேண்டியதுதானா? கைப்பேசி கிணற்றில் விழுந்தால்? எசுத்தோனியர் அடையாளத்தை அரசு தரும் அட்டையிலும், சான்றினைத் தொடரேட்டிலும் பிரித்து வைத்தனர். அட்டை தொலைந்தால் அலுவலகம் புதிது தரும். உயிருக்கு இடரான வேளையில் குருதி வகை, ஒவ்வாமை, உண்ணும் மருந்து ஆகிய இன்றியமையாதவற்றை ஆள் எண்ணைக் கொண்டு மருத்துவர் காணலாம். கண்டது பதிவில் இருக்கும். முழு உரிமையைப் பேசும் கொள்கையைவிட, உயிரையும் காத்து உரிமையையும் காக்கும் இவ் வேற்பாடே சிறந்தது.

இந்திய நடுவணரசு 2021 செத்தம்பர் 27-இல் நாடு முழுமைக்கும் தொடங்கிய எண்ம நலத் திட்டத்தின்கீழ் வழங்கப்படும் 14 இலக்க ‘ஆபா’ எண் தமிழ்நாட்டு மருத்துவமனைகளுக்கும் வந்திருத்தலின், இவையெல்லாம் தொலைநாட்டுச் செய்தி என்று தமிழர் இருந்துவிட இயலாது. அவ் வெண்ணைப் பெறுதல் கட்டாயம் அன்று; குறிப்புகள் ஓரிடத்தில் குவிக்கப்படாமல் அந்தந்த மருத்துவமனையிலேயே இருக்கும், நோயாளியின் இசைவோடு பகிரப்படும் என்பதே அதன் அமைப்பு. தாளில் இது நல்ல அமைப்பே. ஆனால் அந்தந்த மருத்துவமனையின் பூட்டு எத்தன்மையது? நாட்டின் முதன்மை மருத்துவமனையாகிய தில்லி எய்ம்சு 2022 நவம்பர் 23-இல் கணினிக் கொள்ளையர் கையில் சிக்கி, பல நாள் நோயாளர் பதிவைக் கையாலெழுதி நடத்தியது. எய்ம்சின் நிலை அதுவாயின் சிற்றூர் மருத்துவமனையின் நிலையை விரித்துரைக்க வேண்டா. தனியாள் தரவுக் காப்புச் சட்டம் 2023-இல் இயற்றப்பட்டது என்பது உண்மை. மருத்துவமனையும் பொது நலமும் அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையில் மாநிலப் பட்டியலைச் சேர்ந்தவை என்பதும் உண்மை. ஆகவே, எண்ணைத் தில்லி வகுத்தாலும், தன் மருத்துவமனைகளில் குறிப்பைத் திறப்பவரின் பதிவு எவ்வாறு எழுதப்பட வேண்டும், அது நோயாளிக்கு எவ்வாறு காட்டப்பட வேண்டும் என்று ஆணையிடத் தமிழ்நாட்டு அரசுக்குத் தடை யாதும் இல்லை.

அதில் முதற்கண் செய்ய வேண்டியது தொடரேடு வாங்குவது அன்று. நோயாளி வீடு திரும்பும்போது அவன் கையில் தரப்படும் குறிப்பு இன்றும் ஆங்கிலத்தில் இருக்கிறது. அவன் அதனை மடித்து நெகிழிப் பைக்குள் வைத்து, அடுத்த மருத்துவரிடம் அப்படியே நீட்டுகிறான். தன் உடலைப் பற்றி எழுதியதைத் தான் படிக்க இயலாதவனுக்கு, அதனைத் திருத்தினார் உண்டா என்று காட்டும் கணக்கால் என்ன பயன்? எழுதியதே விளங்காதபோது திருத்தியது எங்ஙனம் விளங்கும்? எசுத்தோனியாவில் உருசிய மொழியினர் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கினர். அவர்கள்பால் அந் நாட்டார்க்குள்ள கசப்பு உலகறிந்தது. அவ்வாறிருந்தும் நோயாளர் தம் குறிப்பைக் காணும் வாயில் எசுத்தோனியத்தோடு உருசிய மொழியிலும் அமைக்கப்பட்டுள்ளது. நோயாளிக்குப் புரிய வேண்டும் என்பதில் அவர்கள் பகை பாராட்டவில்லை. ஏழு கோடித் தமிழர் வாழும் நாட்டில் நோயின் பெயர், மருந்தின் பெயர், உண்ணும் அளவு, ஒவ்வாத மருந்து, குறிப்பைத் திறந்தவர் பெயர், திறந்த நாள் ஆகிய ஆறேழு வரிகளைத் தமிழில் அச்சிட்டுத் தருதற்குப் புதிய கணக்கியல் எதுவும் வேண்டா. வேண்டிய சொற்கள் இருக்கின்றன. அச்சிடும் பொறியும் ஒவ்வொரு மருத்துவமனையிலும் இருக்கிறது.